மிஸ் மெர்லீன் கேட்டால்

மெர்லீன் ஒலிவியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறதென்று தெரியும். புரூக்ளினில், யூட்டிகா அவென்யூவை ஒட்டிய ஒரு பழைய செங்கல் கட்டடம். இரண்டாம் மாடியில், பிரசவ வார்டுக்குப் போகும் வழியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய மேஜை. எந்த மருத்துவ மாணவர் எந்த வார்டில், எத்தனை வாரம், எந்த டாக்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. கதவில் அதற்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் ஒட்டியிருக்கிறார்கள். அதை ஒருத்தரும் படித்ததில்லை. தோட்டக்காரர் முதல் தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மிஸ் மெர்லீன்.

பட்டியல் போடுவது சம்பளத்துக்கு. தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பெண் இடுப்புவலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கால்மாட்டில் ஒன்பது மாணவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அதில் ஒருத்தன் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். நான் என்ன சினிமாவா என்று அந்தப் பெண் கத்தின கத்தல் வராந்தா முழுக்கக் கேட்டது. மெர்லீன் எழுந்து போய் ஒன்பது பேரையும் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். வேலை போச்சு என்றுதான் நினைத்தாள். அப்போதிருந்த தலைமை டாக்டர் நல்ல மனுஷி. இனிமேல் ஆறு வாரத்துக்கு ஆறு மாணவர்கள், அதற்குமேல் கிடையாது என்றார். மெர்லீன் நேரில் கேட்டு, தாய் கையெழுத்துப் போட்ட மஞ்சள் தாள் கோப்பில் இல்லாவிட்டால் எந்த மாணவரும் பிரசவ அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சட்டம் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் மெர்லீன் கீழே கர்ப்பிணிகள் வரும் பிரிவில், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஹைட்டிக்காரிகள், ஜமைக்காக்காரிகள், கயானாக்காரிகள், அவளைப் போல செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்தவர்கள். முதலில் கால் வீக்கம் எப்படியிருக்கிறதென்று கேட்பாள். புருஷன் வேலைக்குப் போகிறானா, மாமியார் விசா என்ன ஆச்சு என்று விசாரிப்பாள். பிறகுதான் பேச்சை எடுப்பாள். இந்த மாசம் வரும் பொண்ணு உங்க தெருவுக்கு அடுத்த தெரு, அவங்கம்மா உங்க சர்ச்சில்தான் பாடுறாங்க, கத்துக்கணும்னு வருது, பக்கத்துல நிக்கட்டுமா என்று கேட்பாள். அவள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கும். நகரத்து அரசுக் கல்லூரியிலிருந்து நாற்பது வருஷமாக அங்கே வரும் மாணவர்கள் அதே பஸ்ஸில் ஏறி வருகிற பிள்ளைகள்தானே. பத்துக்கு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மிஸ் மெர்லீன் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இந்த 'சரி'யைத்தான் ஒரு நாள் விற்றுவிட்டார்கள்.

வாங்கியது ஒரு தீவுக் கல்லூரி. கரீபியன் கடலில் ஒரு தீவில் கட்டடம், பங்குதாரர்கள் எல்லாம் வேறெங்கோ. லாபத்துக்காகவே நடத்துகிற கல்லூரி. அங்கே இரண்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். மீதி இரண்டு வருஷம் நோயாளியைத் தொட்டுக் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரி வேண்டும். தீவில் ஏது அத்தனை கட்டில்? அதனால் நியூயார்க்குக்கு வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பேரம் பேசுவார்கள்: ஒரு மாணவருக்கு, ஒரு வாரத்துக்கு இத்தனை டாலர். அரசுக் கல்லூரி ஒரு சென்ட் கொடுத்ததில்லை, கொடுக்கவும் முடியாது. அந்த ஆஸ்பத்திரியோ கூரை ஒழுகி, லிஃப்ட் நின்று, கடனில் மூச்சு முட்டிக் கிடந்தது. துணைத் தலைவர் வெண்ட்லண்ட் இலையுதிர் காலத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிரசவ வார்டில் ஆறில் ஐந்து இடம் தீவுக் கல்லூரிக்கு. அரசுக் கல்லூரிக்கு ஒன்று.

மெர்லீன் அவர் அறைக்குப் போய் நின்றுகொண்டே கேட்டாள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றாள். வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் இப்படியே விற்றால் எது இருக்கிறது என்றாள். நீங்கள் உட்கார்ந்து பேசலாமே என்றார். அவள் உட்காரவில்லை. அப்படியானால் ஆறை எட்டாக்குங்கள், அவர்களும் வரட்டும், இவர்களும் இருக்கட்டும் என்றாள். வெண்ட்லண்ட் சிரித்தார்.

"ஆறு பேருக்கு மேல கூடாதுன்னு இருபது வருஷமா சொன்னது நீங்கதானே மெர்லீன். உங்க விதியை நான் மீறலாமா?"

பாருங்கள் அக்கிரமத்தை. தாய்மாருக்காக அவள் போட்ட வேலியை எடுத்து அவள் பிள்ளைகளையே வெளியே நிறுத்திவிட்டான் அந்த மனுஷன். அன்றைக்கு மெர்லீன் மத்தியானம் சாப்பிடவில்லை. கொண்டுபோன கருவாட்டையும் பொரித்த ரொட்டியையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

வீட்டில் இன்னொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய ஒரே மகள் டெலிசா. இருபத்தெட்டு வயது. டாக்டராக வேண்டும் என்பது அவளுக்குப் பத்து வயதிலிருந்து ஆசை. ஊர்க் கல்லூரிகளுக்கு இரண்டு வருஷம் விண்ணப்பித்தாள், மதிப்பெண் ஒரு முடி அளவுக்குக் குறைந்தது, எல்லோரும் கைவிரித்தார்கள். ஒரே ஒரு கல்லூரிதான் ஒன்பதே நாளில் வா என்றது. ஆமாம், அதே தீவுக் கல்லூரிதான். பெண்ணை டாக்டராக்க வேண்டும் என்றுதான் மெர்லீன் தீவை விட்டு நியூயார்க்குக்கு வந்தாள். டாக்டராக வேண்டும் என்று பெண் தீவுக்குத் திரும்பிப் போனாள். இரண்டு லட்சம் டாலர் கடன் பத்திரத்தில் அம்மாவும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருஷம் படித்தாள், பரீட்சையில் தேறினாள், ஊருக்கு வந்தாள். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கல்லூரி கட்டிலை எண்ணி ஆளைச் சேர்க்கவில்லை. ஆளைச் சேர்த்துவிட்டுக் கட்டிலுக்கு அலைகிறது. அடுத்த தவணையை முன்கூட்டியே கட்டினவர்களுக்கு முதலில் ஆஸ்பத்திரி. கட்ட முடியாதவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஏழு மாசமாக டெலிசா ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டு நின்றாள். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒரு வார்டில் பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். இடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததும் அவர்கள்தான், ஏன் நிற்கிறாய் என்று துரத்துவதும் அவர்கள்தான்.

வெண்ட்லண்டுக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் மெர்லீனைக் கூப்பிட்டு, மிகவும் பணிவாகப் பேசினார். அடுத்த ஆறு வாரத்துக்கான பட்டியலில் அரசுக் கல்லூரிக்கு ஒதுக்கிய அந்த ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதையும் தீவுக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அரசுக் கல்லூரிக்கு இனி இங்கே வேலையில்லை. அந்த இடத்தில் உங்கள் மகள் பெயரை எழுதுங்கள். நான் கல்லூரியோடு பேசிக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றார்.

அந்த ஒரு இடத்துக்கு வர வேண்டியவள் நடெஜ் பியேர்லூயி. ஹைட்டிப் பெண், டாக்ஸி ஓட்டுகிறவர் மகள், அந்த ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவள். ஹைட்டித் தாய்மாருக்கு வலியில் இங்கிலீஷ் மறந்துபோகும். அப்போது அவர்கள் பாஷையில் பேச இவள் ஒருத்தி இருப்பாள் என்று நர்சுகளே காத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு நாள் மெர்லீன் அந்தப் பட்டியல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். மகள் முகத்தைப் பார்த்தால் அவள் பெயரையே எழுதிவிடத் தோன்றியது. வெண்ட்லண்ட் முகத்தை நினைத்தால் ரத்தம் கொதித்தது. விலை பேசுகிறானே, என்னையும் விலை பேசுகிறானே என்று பஸ்ஸில் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனான். வியாழன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். பதினொன்றரைக்கு நடெஜ் பியேர்லூயி என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று, தாய்மாரின் உடம்பை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சிலர் கைதட்டினார்கள். வெண்ட்லண்ட் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் பட்டியல் திரும்பி வந்தது. நடெஜ் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் டெலிசா பெயரும் இல்லை. முன்பணம் கட்டின வேறு யாரோ. நடெஜை லாங் ஐலண்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு ரயில், ஒரு பஸ். அவள் வந்து, நீங்கள் முயற்சி செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், நன்றி மிஸ் மெர்லீன் என்று சொல்லிவிட்டுப் போனாள். புதிதாக வந்த பையனுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுக்க வேண்டியவளும் மெர்லீன்தான். கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் டெலிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெரியாது. டெலிசா மருந்துக் கடைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.

"அந்தாளு எப்படியும் தர மாட்டான்னு தெரிஞ்சிருக்கும்ல உனக்கு," என்றாள்.

"தருவான்னுதான் நினைச்சேன். அதனாலதான் எழுதல."

"அப்போ கிடைக்கும்னு தெரிஞ்சே எழுதலையா?"

மெர்லீன் சோற்றுத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவங்க பேரெல்லாம் எழுதினே மம்மி. நானும் இந்தத் தெருப் பொண்ணுதான். என் பேர எழுத உனக்குக் கை வரல." டெலிசா அழவில்லை. எழுந்து போய்த் தட்டில் இருந்த கீரையையும் சோற்றையும் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசினாள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. மெர்லீன் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் பெண் வந்தாள். கால் வீக்கம் பற்றி மெர்லீன் கேட்கவில்லை. மஞ்சள் தாளை நீட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆறு பேர் வருவார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இங்கே நிற்க அவர்கள் கல்லூரி இந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியிருக்கிறது. அதில் உனக்கு ஒரு சென்ட் கிடையாது. வேண்டாம் என்றாலும் உன்னைக் கவனிப்பதில் ஒரு குறையும் வராது. வேணுமா, வேணாமா?

வேண்டாம் என்றாள் அந்தப் பெண். அடுத்தவளும் வேண்டாம் என்றாள். மூன்றாவதாக வந்தவள் இவ்ரோஸ் எஸ்டிமே. வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவள், மூன்றாவது பிரசவம், மார்ச்சில் நாள். முதல் இரண்டு பிள்ளைக்கும் மெர்லீன் கேட்டுக் கையெழுத்துப் போட்டவள். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று மெர்லீனையே கேட்டாள். மெர்லீன் ஒளிக்கவில்லை. நானாயிருந்தால் போட மாட்டேன் என்றாள். இவ்ரோஸ் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிப்ரவரி நடுவில் நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் மறுத்திருந்தார்கள். ஆறு மாணவர்களும் ஓய்வறையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். வெண்ட்லண்ட் ஒரு இளைஞனைத் தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரோடு கீழே அனுப்பிக் கேட்க வைத்தார். மிஸ் மெர்லீன் எங்கே என்று கேட்டு அவனை நிற்க வைத்துவிட்டார்கள் பெண்கள். ஒருத்தி, உனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாளாம். அவன் இல்லை என்றதும், அப்படியானால் போய்ப் பெற்றுக்கொண்டு வா என்றாளாம். வார்டில் ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மெர்லீன் சிரிக்கவில்லை. டெக்சாஸிலிருந்து வந்த ஒரு பையன் அவள் மேஜைக்கு வந்து, ஒரு பிரசவமும் பார்க்காமல் போனால் கல்லூரி என் ஆறு வாரத்தைக் கணக்கில் சேர்க்காது, மறுபடி பணம் கட்டச் சொல்லும் என்று சொன்னான். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர். திட்ட வேண்டிய ஆள் இவன் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். திட்ட வேண்டியவர்கள் யாரும் இந்த மாடிக்கு ஏறி வருவதில்லை என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். உனக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது தம்பி என்று சொல்லி அனுப்பினாள்.

பிப்ரவரி கடைசி வாரம், புதன்கிழமை, வெண்ட்லண்ட் முதல்முறையாக அவள் மேஜைக்கு வந்தார். கல்லூரி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளப் போவதாக மிரட்டியிருந்தது. மனுஷன் தூங்காத மாதிரி இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

மெர்லீனிடம் பதில் தயாராக இருந்தது. ஆறில் மூன்று இடம் அரசுக் கல்லூரிக்கு என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். இரண்டு? அதுவும் முடியாது, ஒப்பந்தத்தில் எண் இருக்கிறது என்றார். சரி, நடெஜுக்கும் டெலிசாவுக்கும் திங்கட்கிழமையிலிருந்து இடம் என்றாள்.

"ஒண்ணு," என்றார் வெண்ட்லண்ட். "ஒரே ஒரு இடம். யார் பேர வேணும்னாலும் எழுதுங்க, நான் அடிக்க மாட்டேன். ஆனா நாளையிலேர்ந்து நீங்க பழையபடி கேக்கணும். பழையபடின்னா, பழையபடி."

பட்டியல் தாளை மேஜையில் வைத்தார். எதிரிலேயே நின்றார். திங்கட்கிழமைதான் மார்ச் முதல் திங்கள். மெர்லீன் பேனாவை எடுத்தாள். அவள் கையெழுத்து எப்போதும் குண்டு குண்டாக அழகாயிருக்கும். அன்றைக்குக் கோணலாக வந்தது. டெலிசா ஒலிவியர் என்று எழுதினாள். கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது. வெண்ட்லண்ட் அதைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு, நன்றி என்று சொன்னார்.

டெலிசாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நிஜமாவா மம்மி, என்று மட்டும் டெலிசா கேட்டாள். அந்தக் குரலை மெர்லீன் கேட்டு ஆறு வாரமாகியிருந்தது. நிஜந்தான் என்றாள். நடெஜைப் பற்றி டெலிசா கேட்கவில்லை. மெர்லீனும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் கீழே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் எடை பார்க்க ஏறி இறங்கினவள் இவ்ரோஸ். வயிறு முன்னால் தள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள். மெர்லீன் கால் வீக்கத்தை விசாரித்தாள். மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டாள். இவ்ரோஸ் பதில் சொல்லிக்கொண்டே அவள் மடியிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்லீன் தாளை நீட்டினாள். இந்தத் தடவை வருவதில் ஒரு பொண்ணு யூட்டிகாவில்தான் இருக்கிறாள், நல்ல பொண்ணு, கத்துக்கணும்னு வருது, பக்கத்துல நிக்கட்டுமா என்றாள்.

"மத்த அஞ்சு பேரு?"

"அவங்களும் வருவாங்க."

"போன மாசம் போடாதேன்னு நீதானே சொன்னே மிஸ் மெர்லீன்," என்றாள் இவ்ரோஸ். "இப்ப என்ன மாறிப்போச்சு?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. மெர்லீன் அந்த நிமிஷத்தை விட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு என் மக. அவளுக்கு இடம் கொடுத்துட்டாங்க."

இவ்ரோஸ் அவள் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் மெர்லீன் தாங்கியிருப்பாள்.

"அப்போ உன்னையும் வாங்கிட்டாங்க," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "பேனாவக் குடு. நீயே கேக்கும்போது நான் என்ன சொல்றது."

தாளைத் தொடையில் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மெர்லீன் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள்.